துணிக்கு ஒரு முகவரி வேண்டும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்)

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம்மவர் பழமொழி. அப்படியானால் நம்மில் பாதியைப் பற்றி நாம் அறிந்து வைத்திருப்பது எவ்வளவு? இந்தக் கல்லூரி வளாகத்தில் நடமாடும் பத்துப் பேரை நிறுத்தி, "நீங்கள் உடுத்தியிருப்பது என்ன துணி?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் காட்டன் என்பார். ஒருவர் பாலியஸ்டர் என்பார். இன்னொருவர் டெனிம் என்பார். பேராசிரியர் ஒருவர் பெருமையோடு கைத்தறி என்பார். மற்றொருவர் அதைவிடப் பெருமையோடு கதர் என்பார். விளையாட்டு மைதானத்தில் நிற்பவர் திருப்பூர் பனியன் துணி என்பார். கேட்ட கேள்வி ஒன்றுதான். கிடைத்த விடைகளோ ஐந்து வெவ்வேறு கேள்விகளுக்கு உரியவை. காட்டனும் பாலியஸ்டரும் இழையின் பெயர்கள். டெனிம் நெசவின் பெயர். கைத்தறி என்பது நெய்த கருவியின் பெயர். கதர் என்பது நூற்ற முறையையும் நெய்த முறையையும் ஒருங்கே சொல்வது. திருப்பூர் ஊரின் பெயர். பனியன் துணியோ நெய்யப்பட்டதே அன்று, பின்னப்பட்டது.

பேச்சில் இந்தக் குழப்பம் இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ஜவுளியைப் பற்றிய செய்திகளைக் கணிப்பொறியில் ஏற்றித் தொகுக்கும் வேலை இன்று ஆலைகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. அங்கும் 'ரகம்' என்று ஒரே ஒரு கட்டம் வரைந்து, அதற்குள் ஒரு பெயரைத் திணித்துவிட்டு, வகைப்படுத்தும் வேலை முடிந்தது என்று கைகழுவிவிடுகிறார்கள். இந்த வழக்கம் தவறானது என்பது என் கருத்து. இழைக்கு ஓர் அட்டவணை, நூலுக்கு ஓர் அட்டவணை, துணிக்கு ஓர் அட்டவணை என்று மூன்றையும் பிரித்து வைக்க வேண்டும். எண்ணியும் நிறுத்தும் அறியத்தக்க செய்திகளை முதலில் எழுதி, பெயரைக் கடைசியில் எழுத வேண்டும். இதைக் கணிப்பொறி படிக்கும் மாணவனின் பொழுதுபோக்கு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நெசவாளியின் கூலி முதல் அரசாங்கத்தின் வரி வரை இந்த ஒரு கட்டத்திற்குள்தான் ஒளிந்து கிடக்கிறது.

துணியை வகைப்படுத்துவது நமக்குப் புதிய கலை அன்று. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரையின் அறுவை வீதியை வருணிக்கும் இளங்கோவடிகள், அங்கு மடித்து அடுக்கப்பட்டிருந்த துணிகளைப் பருத்தி நூல், மயிர், பட்டு என மூன்று மூலப்பொருள்களால் பிரித்தே பேசுகிறார். இன்றைய இழையியல் பாடநூலும் இயற்கை இழைகளைத் தாவரம், விலங்கு என்றுதான் தொடங்குகிறது. கவிஞருக்கு இருந்த அந்தத் தெளிவு பிற்காலத்துப் பட்டியல்களில் இல்லை. அந்நூலுக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் துகில் வகைகள் முப்பத்தாறை அடுக்கித் தருகிறார். கோசிகம், அரத்தம், நுண்டுகில், குருதி, தேவகிரி, பொன்னெழுத்து என்று நீளும் அந்த வரிசை படிக்கப் படிக்க இனிக்கிறது. ஆனால் அரத்தமும் குருதியும் நிறத்தைச் சொல்வன. நுண்டுகில் நூலின் மென்மையைச் சொல்வது. தேவகிரி ஊர்ப்பெயர்போல் ஒலிக்கிறது. பொன்னெழுத்து வேலைப்பாட்டைச் சொல்வது. ஒரே பட்டியலில் நான்கு அளவுகோல்கள்! உரையாசிரியரை நான் குறை சொல்லவில்லை. அவர் காலத்து வழக்கைக் காத்துத் தந்தாரே, அதுவே பெரிது. அந்தத் துணிகளில் பெரும்பாலானவை இன்று வெறும் பெயர்களாக மட்டும் எஞ்சியிருக்கின்றன என்பதைத்தான் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். எந்த இழை, எவ்வளவு மெல்லிய நூல், எத்தனை நெருக்கமான நெசவு என்று ஒரு வரி இருந்திருந்தால், இன்று ஒரு நெசவாளி அதைத் திரும்ப நெய்து காட்டிவிடுவார்.

பெயர் எப்படி ஏமாற்றும் என்பதற்குக் கடல் கடந்தும் சான்று உண்டு. 'காலிகோ' என்ற சொல் நம் பக்கத்துக் கோழிக்கோட்டிலிருந்து போனது. அதே சொல் இங்கிலாந்தில் வெளுக்காத சாதாரணப் பருத்தித் துணியைக் குறிக்கிறது. அமெரிக்காவிலோ பூப்போட்ட அச்சுத் துணியைக் குறிக்கிறது. ஒரு பெயர், இரண்டு பொருள்கள். கணிப்பொறிக்கு இதைவிடக் கெட்ட விருந்தாளி வேண்டியதில்லை.

வணிக உலகம் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறது. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் பன்னாட்டுச் சுங்க வகைப்பாட்டு முறையில் ஜவுளிக்கு 50 முதல் 63 வரையான அத்தியாயங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பட்டுக்கு 50, கம்பளிக்கு 51, பருத்திக்கு 52, சணல் முதலிய பிற தாவர இழைகளுக்கு 53, செயற்கை நீளிழைகளுக்கு 54, செயற்கைக் குற்றிழைகளுக்கு 55, பின்னல் துணிக்கு 60 என்று வரிசை போகிறது. பெயரை நம்பாமல் அளவை நம்புவதே இதன் சிறப்பு. நூற்றுக்கு 85-க்குக் குறையாமல் பருத்தி இருந்து, சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு மேற்படாமல் நிறை இருந்தால் அந்த நெய்த துணி 5208. நிறை 200 கிராமைத் தாண்டினால் 5209. கலப்புத் துணியானால் எடையில் எந்த இழை மிகுதியோ அதன் பக்கம் சேரும். சரி பாதியாகக் கலந்திருந்தால்? அதற்கும் விதி உண்டு: எண் வரிசையில் கடைசியாக வரும் தலைப்புக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே பருத்தியும் பாலியஸ்டர் குற்றிழையும் சரிபாதி கலந்த சட்டைத்துணி 52-ஐ விட்டு 55-க்குப் போய்விடுகிறது. பஞ்சாயத்தில் தீராத வழக்கைச் சீட்டுக் குலுக்கித் தீர்ப்பதுபோல் இது தோன்றினாலும், எல்லா நாட்டிலும் ஒரே தீர்ப்பு கிடைக்கிறது அல்லவா?

எனினும் சுங்கத்தின் கண் வரியின்மேல் இருக்கும் கண். ஒரு துணி எந்த எண்ணுக்குள் விழுகிறது என்பதே அதற்கு முக்கியம்; அங்குலத்திற்கு எத்தனை ஊடை என்பதைப் பற்றி அது கவலைப்படுவதில்லை. நமக்கு அதற்கு மேலும் வேண்டும்.

முதலில் இழை. இது எளிய அட்டவணை என்றுதான் தோன்றும்: இயற்கை, செயற்கை என்று இரண்டு கட்டங்கள். ஆனால் விஸ்கோஸை எங்கே வைப்பது? அதன் மூலப்பொருள் மரக்கூழ். வேதியியல்படி பருத்தியைப் போலவே செல்லுலோஸ். ஆனால் ஆலையில் கரைத்து, நுண்துளைகள் வழியே பிழிந்து எடுக்கப்படுவதால் மனிதன் ஆக்கிய இழை. நம் கடைத்தெருவிலோ இதற்கு 'ஆர்ட் சில்க்', 'செயற்கைப் பட்டு' என்று பெயர். பட்டுப்புழு இதைக் கனவிலும் கண்டதில்லை! அண்மைக் காலத்தில் 'மூங்கில் துணி' என்று ஒன்று விற்கிறார்கள். அதில் பெரும்பகுதி மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ்தான். அமெரிக்காவில் இப்படிப் பெயரிட்டு விற்றதற்காக 2009-ஆம் ஆண்டிலேயே வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்து, ரேயான் என்றே எழுத வேண்டும் என்று கண்டித்தது. ஆகவே இழை அட்டவணையில் 'எதிலிருந்து வந்தது' என்பது ஒரு புலம். 'எப்படி ஆனது' என்பது வேறொரு புலம். இரண்டையும் ஒன்றாக்கினால் பொய்க்கு வாசல் திறந்துவிடுகிறோம்.

பருத்தி என்று எழுதினாலும் வேலை முடிவதில்லை. பயிரிடப்படும் பருத்தி இனங்கள் நான்கு. நம் கரிசல் நிலத்துக் கருங்கண்ணி ஓர் இனம். கோயம்புத்தூரில் உருவாக்கி 1974-இல் வெளியிடப்பட்ட சுவின் இன்னோர் இனம். கருங்கண்ணியின் இழை குட்டையானது. சுவினின் இழை நீண்டது, நூறாம் நம்பருக்கு மேலும் நூற்கத் தக்கது. இரண்டையும் 'காட்டன்' என்ற ஒரே சொல்லால் அழைப்பது, பொன்னி அரிசியையும் தினையையும் 'தானியம்' என்று சொல்லி ஒரே மூட்டையில் கட்டுவதற்கு ஒப்பானது.

அடுத்து நூல். இங்கேதான் எண்கள் வந்து நம்மை ஏமாற்றுகின்றன. பருத்தி நூலுக்கு நாம் சொல்லும் 'நம்பர்' எங்கிருந்து வந்தது தெரியுமா? 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் ஒரு பவுண்டு எடையில் எத்தனை இருக்கின்றன என்பதே அந்த எண். நாற்பது சிட்டம் நின்றால் 40-ஆம் நம்பர். அறுபது நின்றால் 60-ஆம் நம்பர். எண் கூடக் கூட நூல் மெல்லியதாகும். பட்டுக்கும் செயற்கை நீளிழைக்கும் சொல்லும் டெனியர் இதற்கு நேர் எதிர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பது அது. அங்கே எண் கூடினால் நூல் தடிக்கும். இவ்விரண்டு பேருக்கும் நடுவராக வந்தது டெக்ஸ்: 1,000 மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. 590.5-ஐப் பருத்தி நம்பரால் வகுத்தால் டெக்ஸ் கிடைக்கும். 40-ஆம் நம்பர் ஏறக்குறைய 14.8 டெக்ஸ், 60-ஆம் நம்பர் 9.8 டெக்ஸ்.

இப்போது ஒரு தரவுத்தளத்தில் 'நூலின் நம்பர்' என்ற கட்டத்தில் வெறுமனே 60 என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பருத்தி நம்பரானால் 9.8 டெக்ஸ், டெனியரானால் 6.7 டெக்ஸ். இரண்டும் ஒன்றாகுமா? போதாக்குறைக்கு 2/60 என்றால் அறுபதாம் நம்பர் நூல் இரண்டை முறுக்கியது. தடிமனில் அது முப்பதாம் நம்பருக்குச் சமம். கட்டத்தில் எழுதியவர் அந்த '2/' என்பதை விட்டுவிட்டால் நூல் பாதியாக மெலிந்துவிடும். அலகைக் குறிக்காத எண்ணால் என்ன நேரும் என்பதை 1999-இல் செவ்வாய்க் கோளுக்குப் போன அமெரிக்க விண்கலம் காட்டியது. ஒரு மென்பொருள் பவுண்டுக் கணக்கில் தந்ததை இன்னொன்று நியூட்டன் கணக்காக எடுத்துக்கொள்ள, கலமே தொலைந்து போனது. நூல் அறுந்தால் விண்கலம் தொலையாதுதான். ஆனால் ஒரு குடும்பத்தின் வாரக் கூலி தொலையும்.

அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் குழித்தறியில் உட்கார்ந்து சேலை நெய்பவர். தார் சுற்றித் தருபவர் என் தாயார். அவர் பெயர் எந்தக் கணக்கிலும் எந்தக் கட்டத்திலும் இல்லை என்பது தனிக் கதை. பாவும் ஊடையும் கொடுத்து நெய்து வாங்கும் முதலாளி ஒருவரின் நோட்டில் தேதி, ரகம், எண்ணிக்கை, கூலி என்று நான்கு கட்டங்கள் உண்டு. ரகம் என்ற இடத்தில் எப்போதும் 'காட்டன் சேலை' என்றே இருக்கும். அங்குலத்திற்கு 60 ஊடை விழும் சேலைக்கும் அதே சொல், 72 ஊடை விழும் சேலைக்கும் அதே சொல், அதே கூலி.

மாணவ நண்பர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தரை மீட்டர்ச் சேலை என்பது 216 அங்குலமும் கொஞ்சமும். அங்குலத்திற்கு 60 ஊடை என்றால் நாடா 12,990 முறை போய் வர வேண்டும். 72 ஊடை என்றால் 15,588 முறை. வித்தியாசம் 2,598. ஒவ்வொரு முறையும் கால் மிதிக்க வேண்டும். கை இழுக்க வேண்டும். பலகை வந்து அடிக்க வேண்டும். இரண்டாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு முறை மிகுதியாக உழைத்த உழைப்பு, 'ரகம்' என்ற ஒரு கட்டத்திற்குள் காணாமல் போகிறது. நூல் மெல்லியதானால் இழை அறுவதும் பிணைப்பதும் கூடும். அதற்கும் அந்த நோட்டில் இடமில்லை. முதலாளி கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. தீபாவளிக்கு முன்பணம் கேட்டால் மறுக்காமல் கொடுப்பவர்தான். அவர் நோட்டில் அந்தப் புலம் இல்லை, அவ்வளவுதான். இல்லாத புலத்தைப் பற்றி யாரும் வாதாட முடியாது.

இந்த நோய் பெரிய அலுவலகங்களிலும் உண்டு. ஒரு விண்ணப்பத்தைக் கணிப்பொறியில் நிரப்பும்போது 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் விவசாயம், வணிகம், அரசுப்பணி, கூலி, இதர என்று ஐந்தே விடைகள் இருந்தன. நெசவு இல்லை. நிரப்பித் தந்தவர் 'கூலி' என்பதை அழுத்தினார். நான் 'இதர' என்பதை அழுத்தச் சொன்னேன். முப்பது ஆண்டுகள் தறியில் இருந்தவருக்கு 'இதர' என்பதுதான் கௌரவமான சொல்லாக எனக்குப் பட்டது என்றால், அந்தப் பட்டியலை எழுதியவரின் அறிவை என்னென்பது!

மூன்று அட்டவணைகளாகப் பிரிப்பதால் வரும் பெரும் பயன், ஒன்று மற்றொன்றைச் சரிபார்க்கும் என்பதே. அங்குலத்திற்கு 92 பாவும் 80 ஊடையும் கொண்ட துணி. இரண்டும் 40-ஆம் நம்பர். ஒரு மீட்டருக்கு 39.37 அங்குலம். ஆகவே ஒரு சதுர மீட்டர்த் துணியில் 3,622 பாவு நூலும் 3,150 ஊடை நூலும், ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளத்திற்கு இருக்கின்றன. மொத்தம் 6,772 மீட்டர் நூல். அதை 14.76 டெக்ஸால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சரியாக நூறு கிராம்! நூல் மேலும் கீழுமாக வளைந்து போவதால் உண்மைத் துணி இதைவிடச் சற்றுக் கூடுதலாக நிற்கும். கஞ்சி இருந்தால் இன்னும் கொஞ்சம். அதே நெருக்கத்தில் 60-ஆம் நம்பர் போட்டால் 67 கிராம்தான் வரும். ஆகவே, "இது அறுபதாம் நம்பர், 92-க்கு 80" என்று சொல்லி விற்கும் துணி, கஞ்சி போக அலசி உலர்த்திய பின்னும் தராசில் 105 கிராம் நின்றால், சொன்னவர் வாய் பொய் சொல்கிறது அல்லது எழுதியவர் கை பிழை செய்திருக்கிறது. இந்தக் கண்காணிப்பைக் கணிப்பொறி ஒரு நொடியில் செய்துவிடும். 'ரகம்: உயர்தரம்' என்று எழுதியிருந்தால் ஆண்டவனாலும் சரிபார்க்க முடியாது.

இந்த அமைப்பு முறைக்கு அடிப்படை போட்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற அறிஞர். 1970-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையே உறவுமுறைத் தரவுத்தளங்களின் தொடக்கம் என்று எங்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். ஒரு செய்தி ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும். மற்ற இடங்களில் அதற்கு ஒரு சுட்டு மட்டும் போதும் என்பது அந்தப் பாடத்தின் சாரம். நெசவாளி இதைத் தறியிலேயே செய்துகொண்டிருக்கிறார். ஒரு சேலையில் உடலுக்கு ஒரு நூல், கரைக்கு ஒரு நூல், முந்திக்கு ஒரு நூல். துணி என்பது ஒரு நூலால் ஆனதன்று. பல நூல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு. நூல் ஒவ்வொன்றும் ஓர் இழையால் ஆனதாகவும் இருக்கலாம், பல இழைகள் கலந்ததாகவும் இருக்கலாம். 'கோவை கோரா காட்டன்' என்ற புகழ்பெற்ற சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் காட்டன் மட்டும் காதில் விழுகிறது. உள்ளே பசை நீக்காத பட்டும் பருத்தியும் சேர்ந்து இருக்கின்றன. 'துணியின் இழை' என்று ஒரே கட்டம் வைத்தால் எதை எழுதுவீர்கள்? துணிக்கும் நூலுக்கும் இடையில் 'பாவு, ஊடை, கரை' என்று பங்கைச் சொல்லும் ஓர் இணைப்பு அட்டவணையும், நூலுக்கும் இழைக்கும் இடையில் விழுக்காட்டைச் சொல்லும் ஓர் இணைப்பு அட்டவணையும் இருந்தால் சிக்கல் தானே அவிழ்ந்துவிடும்.

கதரும் அப்படியே. 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் கையால் நூற்ற பருத்தி, பட்டு அல்லது கம்பளி நூலைக் கொண்டு கைத்தறியில் நெய்தது கதர். கைத்தறித் துணிக்கு நூல் ஆலையிலிருந்தே வரலாம். ஆகவே 'கையால் நூற்றதா?' என்பது நூல் அட்டவணையின் கேள்வி, 'கையால் நெய்ததா?' என்பது துணி அட்டவணையின் கேள்வி. இரண்டுக்கும் ஆம் என்றால்தான் கதர். நம் கதர்ப் பேராசிரியரும் கைத்தறிப் பேராசிரியரும் வேறுபடும் இடம் இதுதான்!

வரியைப் பற்றியும் ஒரு சொல். 2025 செப்டம்பர் 22-க்கு முன்வரை, சரக்கு சேவை வரி செயற்கை இழைக்கு 18 விழுக்காடு, செயற்கை நூலுக்கு 12, பருத்தி நூலுக்கு 5 என்று இருந்தது. அதன்பின் செயற்கை இழையும் நூலும் 5-க்கு வந்துவிட்டன. எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரு நூலின் வரி, அது எந்தப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அமைந்தது. வகைப்பாடு ஏட்டுச் சுரைக்காய் என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னும் கூர்மையான இடம் கைத்தறி ஒதுக்கீடு. 1985-இல் இயற்றப்பட்ட சட்டம், சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கியது. முதலில் 22 வகைகள். 1996-இல் அவை 11 ஆயின. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, படுக்கை விரிப்பு, ஜமக்காளம் ஆகியவை அவற்றில் அடக்கம். சட்டம் செல்லும் என்று 1993-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆனால் 'சேலை' என்றால் எல்லாச் சேலையும் அன்று. இழை, கரை, கூடுதல் பாவு ஊடை வேலைப்பாடு என்று வரையறை போகிறது. அந்த வரையறைக்குள் ஒரு துணி விழுகிறதா என்று பார்க்க வேண்டிய அதிகாரியின் கையில் மீண்டும் அதே கேள்விகள்தாம்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் துணியைப் பார்த்தே அறிந்துவிட முடியாது. இழையை அறியலாம்: கொளுத்தினால் பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் தரும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். கலப்பின் விழுக்காட்டையும் அறியலாம்: 75 விழுக்காட்டுக் கந்தக அமிலத்தில் பருத்தி கரைந்துவிடும், பாலியஸ்டர் நிற்கும், நின்றதை நிறுத்தால் போதும். பாவையும் ஊடையையும் பூதக்கண்ணாடி வைத்து எண்ணலாம். ஆனால் நன்றாக நெய்த துணி ஒன்றைக் காட்டி, கைத்தறியா விசைத்தறியா என்றால் அனுபவசாலியும் தயங்குவார். அதைத் தறியடியில் நின்று பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். 2006-இல் வந்த கைத்தறி முத்திரைக்கு அவசியம் நேர்ந்ததும் இதனால்தான். எனவே ஒவ்வொரு செய்தியின் பக்கத்திலும் 'அளந்தது', 'சொல்லக் கேட்டது' என்று ஒரு சிறு குறி இருக்க வேண்டும் என்பேன். சொல்லக் கேட்டது என்றால், யார் சொன்னது என்பதும் வேண்டும். என் கருத்தில் இந்த ஒரு புலம் மற்ற புலங்கள் அனைத்திற்கும் மேலானது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைச் சொன்னவர் பேராசிரியர் அல்லர், என் தந்தையார். இந்தத் திட்டத்தை நான் விளக்கியதும் தறியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எல்லாத்தையும் எழுதி வெச்சுப்போட்டா, பவர்லூம்காரன் அடுத்த வாரமே ஓட்டிப்போடுவான் கண்ணு. நம்ம கையில அப்புறம் என்ன இருக்கு?"

இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. தெரியாமல் இருப்பதே ஏழைக்குச் சில வேளைகளில் வேலியாக இருந்திருக்கிறது. ஆனால் அந்த வேலி இப்போது இருக்கிறதா என்பதுதான் என் எதிர்க்கேள்வி. விசைத்தறி உரிமையாளர் ஒருவர் கடையில் ஒரு சேலையை வாங்கி, ஓரத்தைப் பிரித்து, பிக் கிளாஸ் வைத்து எண்ணினால் அரை மணி நேரத்தில் பாவு, ஊடை, நம்பர் எல்லாம் அவர் கைக்கு வந்துவிடும். அறிய வேண்டியவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருப்பவர்கள் இருவர்: வாங்குகிறவரும், கூலிக்கு வாதாட வேண்டியவரும். மறைப்பதால் இந்த இருவர்தாம் இழக்கிறார்கள். ஆயினும் தந்தையார் சொன்னதில் ஒரு பாதி சரி. கரையில் வரும் உருவங்கள், அவற்றை நெய்யும் வரிசை ஆகியவை அந்தக் குடும்பத்தின் சொத்து. அவற்றைப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றக் கூடாது. அளவுகள் பொதுவில் இருக்கட்டும். வடிவம் நெய்தவரிடமே இருக்கட்டும். இதற்கும் அவர் முழுதாகச் சம்மதிக்கவில்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நாடாவை இழுத்தார்.

பெயர்களைக் கடைசியில் எழுத வேண்டும் என்றேனே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயருக்கும் ஓர் அட்டவணை வேண்டும். ஒரு துணிக்கு எத்தனை பெயர் இருந்தாலும் அத்தனையும் அதில் இருக்க வேண்டும், எந்த ஊரில் அப்படிச் சொல்கிறார்கள் என்பதோடு. பாவு, ஊடை, விழுது, பண்ணை, நாடா, தார், கோர்வை, பேட்னி போன்ற சொற்கள் தறிக்காரர் வாயில்தான் வாழ்கின்றன. ஊருக்கு ஊர் மாறியும் வரும். ஆங்கிலத்தில் மட்டும் புலங்களை எழுதிவிட்டால், தன் துணியைப் பற்றித் தானே படித்துப் பார்க்க நெசவாளியால் இயலாது. அவரால் படிக்க முடியாத பதிவேட்டை அவர் எப்படித் திருத்துவார்?

இதையெல்லாம் அரசாங்கம் செய்யட்டும், பெரிய நிறுவனங்கள் செய்யட்டும் என்று நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. நம் கல்லூரியிலேயே ஒரு சிறு தொடக்கம் செய்யலாம். வேதியியல் துறையில் நுண்தராசு இருக்கிறது. பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் துணியைச் சதுரமாக வெட்டி நிறுத்து, நூறால் பெருக்கினால் சதுர மீட்டரின் நிறை வந்துவிடும். தாவரவியல் துறையின் நுண்ணோக்கியில் பருத்தி இழை முறுக்கிய நாடாபோல் தெரியும்; கம்பளியில் செதில்கள் தெரியும். தமிழ்த்துறை மாணவர்கள் தறிச்சொற்களைத் தொகுக்கலாம். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் நம் கல்லூரியில் எத்தனை பேர் என்பது வருகைப் பதிவேட்டுக்குத் தெரியாது. மதிய உணவு வேளையில் எங்களுக்குத் தெரியும். அட்டவணைகளை வரையும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இதுவரை பதினான்கு துணிகளை எழுதியிருக்கிறேன். ஒன்பதுக்கு நிறையும் பாவு ஊடைக் கணக்கும் ஒத்து வந்தன; மூன்றில் நூலின் நம்பர் கடைக்காரர் சொன்னது அன்று; இரண்டு இன்னும் தீரவில்லை. நிறத்தை எப்படி எழுதுவது என்பதும் முடிவாகவில்லை. மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து என்று வீட்டில் சொல்வதை எண்ணாக மாற்றுவதா, அப்படியே விடுவதா என்று இயற்பியல் துறையினர் யாரேனும் சொன்னால் நன்றியுடையவனாவேன். மாலை நான்கு மணிக்கு மேல் கணிப்பொறி ஆய்வகத்தில் இருப்பேன். ஒரு சாண் துணி போதும். யார் நெய்தது என்று தெரிந்தால் அதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள்.